மாப்பிள்ளை எழுத்து

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் குமாரசாமியின் பட்டுக்கடைக்குப் பின்னால், சரக்கு அறையை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நஸ்னீன். கடையின் பை, பெட்டி, விலைச்சீட்டு, ஆடித் தள்ளுபடி பேனர் எல்லாம் அவள் கைவேலை. எந்த எழுத்து எதற்குப் பொருந்தும் என்று சொல்வதில் அவளுக்குக் கர்வம் உண்டு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பிரியாணியைத் தொடுவதற்கு முன் பத்திரிகையில் உள்ள எழுத்து வடிவத்தை, அதாவது ஃபாண்டை, குறை சொல்லிவிடுவாள். கணவன் ஜாஹிர் இதற்குப் பயந்தே அவளுக்குப் பக்கத்து இலையில் உட்காருவதில்லை. ஆனால் அவன் செருப்புக் கடை படுத்துக்கொள்ளும் மாதங்களில் வீடு நடப்பது அவள் சம்பளத்தில்தான்.

டிசைன் வேலை பார்க்கிறவர்கள் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர் அரைக் கிலோ மைசூர்பாகோடு பழைய ஆளைப் போய்ப் பார்ப்பார். பழையவர் தன் பென் டிரைவைக் கொடுப்பார். அதில் ஆயிரக்கணக்கில் ஃபாண்டுகள் இருக்கும். நஸ்னீனுக்குக் கொடுத்தவர் சத்யராஜ். அவருக்குக் கொடுத்தவர் அவருக்கு முந்தியவர். முதலில் இதெல்லாம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. மைசூர்பாகு எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் கேட்பார்கள்.

அதில் ஒரு ஃபாண்டின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். சொந்தப் பெயர் போய், 'நியூ ஃபைனல் டூ' என்று கிடந்தது. எங்கே உட்கார வைத்தாலும் மரியாதையாக இருந்ததால் அவள் அதை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள். வாசலில் தொங்கும் பெரிய போர்டும் மாப்பிள்ளைதான்: 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். இங்கே அசல் கைத்தறிப் பட்டு மட்டுமே.'

போலி என்றால் குமாரசாமிக்குக் கண் சிவந்துவிடும். போன வருடம் சரக்கு எடுக்கிற குரு, ஏஜெண்டை நம்பி விசைத்தறிச் சேலைகளைக் கைத்தறி என்று எடுத்துவிட்டான்.

"எனக்குத் தெரியாது மொதலாளி. அவரு குடுத்தாரு, நான் எடுத்தேன்" என்று அழுதான்.

"தெரியலன்னா கேக்கறதுக்கு வாய் இல்லியா உனக்கு?" என்று அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். நன்றாக வேண்டும் என்று நஸ்னீனும் நினைத்தாள்.

இந்த ஆவணியில் சங்கரி என்ற பெண் தன் முகூர்த்தப் புடவை எடுக்க அம்மாவோடு சென்னையிலிருந்து வந்தாள். குமாரசாமி வழக்கம்போலப் புடவையைப் புரட்டிக் காட்டினார்.

"இந்தக் கோர்வையப் பாரும்மா. பார்டரையும் உடம்பையும் தறியிலயே கோத்து நெய்தது. ஒருத்தன் மாசக்கணக்குல ஒக்காந்து போட்ட டிசைனை, இன்னொருத்தன் போட்டோ புடிச்சி மெஷின்ல ஓட்டிக்கினு இருக்கறான். திருட்டு இல்லியா அது?"

"திருட்டுதான் சார்" என்றாள் சங்கரி. "வாசல் போர்டுல இருக்கற எழுத்தை எங்க வாங்கினீங்க?"

எழுத்தை விலைக்கு வாங்குவார்கள் என்பதே குமாரசாமிக்குப் புதுச் செய்தி. நஸ்னீனைக் கூப்பிட்டார்.

"அது நான் வரைஞ்ச ஃபாண்ட்" என்றாள் சங்கரி. "பட்டுல வர்ற அந்த 'டு'வ எத்தனை வாட்டி வரைஞ்சு அழிச்சேன்னு எனக்கே தெரியாது. சொந்த உபயோகத்துக்கு யாரும் சும்மா எடுத்துக்கலாம். வியாபாரத்துக்குன்னா லைசென்ஸ் வாங்கணும். உங்க கடை பேர்ல யாரும் வாங்கல."

குமாரசாமி பையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இத எங்கேர்ந்து எடுத்த?"

'எனக்குத் தெரியாது சார், சத்யராஜ் குடுத்தாரு, நான் போட்டேன்' என்பது நஸ்னீனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது குருவின் பேச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

"பென் டிரைவ்ல வந்துது சார். யாருதுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

குமாரசாமி புடவையை மெதுவாக மடித்தார். போர்டைக் கழற்றச் சொன்னார். நஸ்னீன் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட? லைசென்ஸ் எப்பிடி வாங்கறதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு." பிறகு கல்லாவுக்குப் போனார். போனை எடுத்தார். "குரு, நாளைலேர்ந்து கடைக்கு வாப்பா. ஒண்ணும் இல்ல. வா."

ஃபாண்டின் உண்மையான பெயரை நஸ்னீன் சங்கரியிடம் கேட்டாள்.

"பூங்காவனம். எங்கம்மா பேரு."

புடவைகளில் மூழ்கியிருந்த அம்மா பூங்காவனம் தலை நிமிரவில்லை. அரக்கா, மாம்பழ மஞ்சளா என்ற யோசனையில் இருந்தார்.

அந்த வாரம் நஸ்னீன் பென் டிரைவைத் திறந்து ஒவ்வொரு ஃபாண்டாக விசாரித்தாள். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று செய்தவர்களே எழுதி வெளியிட்டவற்றை வைத்துக்கொண்டாள். விலை கொடுக்க வேண்டியவற்றையும் ஊர் பேர் தெரியாதவற்றையும் அழித்தாள். மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. அவற்றிலும் இரண்டு நன்றாகவே இருந்தது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

லைசென்ஸ் வந்த அன்று குரு ஏணி போட்டுப் போர்டை மாட்டினான். இறங்கி நின்று பார்த்தான்.

"அக்கா, இது பழைய போர்டுதானே?"

"அதேதான்."

"அப்புறம் எதுக்குக் கழட்டினாங்க?"

"போன வாரம் வரைக்கும் அது போலி. நான் போட்டது. உன்ன அனுப்பினப்போ நல்லா வேணும்னு நெனச்சேன் குரு."

குரு போர்டை இன்னொரு முறை முழுவதும் படித்தான். பிறகு ஏணியை மடக்கி உள்ளே வைத்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து டீ சொல்லப் போனான்.