அக்காவின் எண்

அக்காவுக்கு நோய் முற்றிவிட்டது, இனி மருந்தால் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, வீட்டுக்கு வந்து பேசுவதற்கு ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்தார்கள். தமிழ்ப் பெண். புஞ்சாக் ஆலாமில் படித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். முப்பது வயதுகூட இருக்காது. அக்காவை அழ வைத்துவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ, அக்கா எப்படிப்பட்டவர் என்பதை அக்காவே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, செய்து பார்க்கலாமா என்று கேட்டார்.

எனியகிராம் என்று அதற்குப் பெயர். மனித குணத்தை ஒன்பது வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ராவாங்கில் என் அலுவலகத்திலும் ஒருமுறை செய்யச் சொன்னார்கள். கணினியில் பதில்களைத் தட்டியதும் எண் வந்தது. சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துபோனோம். இந்தப் பெண் கணினி எதையும் எடுக்கவில்லை. அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு வகையாக விளக்கி, இது நீங்களா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எண்ணைத் தான் சொல்லப்போவதில்லை, அக்காதான் சொல்ல வேண்டும் என்றார்.

நான் காத்திருக்கவில்லை. இரண்டாவது வகை பிறருக்கு உதவுகிறவர்கள் என்று அவர் விளக்கியதுமே, அக்கா அதுதான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னவாக இருக்க முடியும்? நாங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. அவள் பள்ளியை விட்டுவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். என்னைப் படிக்க வைத்தாள். தோட்ட நிர்வாகம் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது கோலசிலாங்கூரில் இந்தச் சின்ன வீட்டைப் பிடித்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபின் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியதும் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இத்தனைக்கும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. வாயைத் திறந்தால் கேலியும் சிரிப்பும்தான்.

ஆலோசகர் அக்காவின் பக்கம் திரும்பினார். என்ன செய்தோம் என்பதை வைத்து வகை அமைவதில்லை, ஏன் செய்தோம் என்பதில்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். இதையெல்லாம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டார்.

அக்கா மூடிய கண்ணைத் திறக்கவில்லை. "செய்றதுக்கு வேற ஆளு இல்லம்மா," என்றாள். "அது வேலை. அது நான் இல்ல."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம்வரை யோசிக்க அந்தப் பெண் ஒரு கேள்வியை விட்டுப் போனார். யாருக்கும் நீங்கள் தேவைப்படாத நேரத்தில் மனம் எங்கே போகும்? அந்த வாரம் முழுவதும் அக்கா, கஞ்சியைக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வலிதான் காரணம் என்று நினைத்து மாத்திரையை நீட்டினேன்.

ஆலோசகர் மறுபடி வந்ததும், "நான் ஏழு," என்றாள்.

ஏழாவது வகை, புதிது புதிதாகப் பார்க்க வேண்டும், அனுபவிக்க வேண்டும் என்று துடிக்கிறவர்கள். ஓரிடத்தில் அடைபட்டுப் போவதுதான் அவர்களுடைய பெரிய பயம். அக்கா அன்று பேசியதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. தொழிற்சாலையில் கை மட்டும்தான் அச்சிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்குமாம். மனம் தினம் ஓர் ஊருக்கு பஸ் ஏறிவிடுமாம். கூட வேலை செய்த ஒருத்தி பயணிகள் கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போனபோது அக்காவையும் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா அப்போதுதான் நடக்க முடியாமல் ஆகியிருந்தார். எனக்குப் பரீட்சை. அக்கா எங்களிடம் மூச்சுவிடவில்லை.

"எங்ககிட்ட எப்பவும் சிரிச்சுக்கிட்டேதானேக்கா இருந்த," என்றேன்.

"உங்களுக்காகன்னா நெனச்ச? சிரிக்கலன்னா எனக்கு மூச்சு முட்டும் பாப்பா."

அந்த வாரக் கடைசியில் அவளைக் காடியில் முன் இருக்கையில் ஏற்றினேன். எங்கே போகலாம் என்றதற்கு, இறங்கவே வேண்டாம், ஓட்டிக்கொண்டே இரு என்றாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிடக் கூட்டம் கூடியிருந்தது. வாசனைக்குக் கண்ணாடியை இறக்கச் சொன்னாள், அவளால் சாப்பிட முடியாது. வடக்கே போகப் போக இரண்டு பக்கமும் வயல். ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். சாபாக் பெர்ணம் வரை போயிருப்போம். முதுகைச் சாய்க்க முடியாமல் அவள் நெளிவதைப் பார்த்து நான்தான் திருப்பினேன்.

திரும்பும் வழியில் "இப்ப தெரிஞ்சு என்னா செய்யச் சொல்றா அந்தப் புள்ள?" என்று கேட்டாள். அழுதாள். அம்மாவும் அப்பாவும் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அதன்பின் ஆலோசகரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுந்து உட்காரவும் முடியாமல் போனபிறகு, அவளே என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளய வரச் சொல்லு லா," என்றாள். இந்த முறை கேள்விகள் இல்லை. அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழாவது வகைக்காரர்கள் பயந்தால் என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டாள். அடுத்த இடத்தைப் பற்றி நினைப்பார்கள் என்றார் அவர். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். சில நாளில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தில், பெரியப்பா முறையான ஒருவர் எழுந்து பேசினார். இந்தக் குடும்பத்துக்காகவே பிறந்தவள், தனக்கென்று எதற்கும் ஆசைப்படாதவள் என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆசைப்பட்டாங்க பெரியப்பா," என்றேன். "கப்பல்ல போகணும்னு ஆசைப்பட்டாங்க."

துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று யாரோ என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். யாரும் என்ன கப்பல் என்று கேட்கவில்லை.

பிறகு அந்த ஆலோசகர் என்னோடு பேசுவதற்காகப் புஞ்சாக் ஆலாமுக்கு அழைத்தார். போனேன். கண்ணை மூடச் சொன்னார், யாருக்கும் நீங்கள் தேவைப்படாத நேரத்தில் மனம் எங்கே போகும் என்று அக்காவிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார். நேரம் முடியும்வரை அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை உங்களைப் பற்றிப் பேசலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். இன்னும் போகவில்லை.