எண்ணெய்த் தலையோடு வந்த உறுப்பினர்

எங்கள் சபாவுக்கு நான் சுற்றறிக்கை எழுத வந்ததற்கு என் சங்கீத ஞானம் காரணமில்லை. தென்காசியில் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இருந்தது, அதுதான் காரணம். அறுபதுகளின் தொடக்கம். சபாத் தலைவர் ஒரு வக்கீல். ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தவர் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வே, மாசம் ஒரு தாளு. நீரே எழுதி நீரே உருட்டிக் குடுத்திரும்" என்றார். மறுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது மாதமே பைத்தியம் பிடித்துவிட்டது. ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் கீறிக் கீறி எழுதும்போது நானும் ஒரு பத்திராதிபர் என்ற நினைப்பு வந்துவிடும். அடுத்த மாதம் யார் கச்சேரி, போன மாதக் கச்சேரியில் எந்த ராகத்தை விஸ்தாரமாகப் பாடினார்கள், மிருதங்கம் எப்படி, சபா அங்கத்தினர் வீட்டு விசேஷங்கள், எல்லாம் அந்த ஒரு தாளில் அடங்கும். கச்சேரி விமர்சனம் எழுத மட்டும் எனக்கு இரண்டு ராத்திரி ஆகும். பகலில் பிள்ளைகளுக்கு ஏ எஸ் டி எஃப் சொல்லிக் கொடுக்கும்போதும் வாய்க்குள் வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

சபாவின் பெரிய நிகழ்ச்சி குற்றாலத்தில் நடக்கும் ஆடி விழா. ஐந்து நாள், ஓலைப் பந்தல், தினம் ஒரு கச்சேரி. உள்ளூரில் உறுப்பினர் சேர்ந்த மட்டும் சேர்ந்தாயிற்று, வெளியூரில் பிடிக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். வெளியூர் உறுப்பினர் ஆகிறவர்களுக்கு விழாவில் முன்வரிசை இடம். மாதம் ஒரு சுற்றறிக்கை. அதோடு, அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த அன்றே தபால் கார்டில் தகவல். இந்தக் கடைசிச் சலுகையைச் சும்மா ஒரு கவர்ச்சிக்குத்தான் சேர்த்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. கமிட்டி என்னைத் தட்டிக் கொடுத்தது. கடிதங்களும் வந்தன. ஆவலாகப் பிரிப்பேன். "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" அடுத்ததைப் பிரிப்பேன். "தண்ணீர் எப்போது விழும்?" நான் இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதிய விமர்சனத்தைப் பற்றி ஒரு ஈ காக்கை வாய் திறக்கவில்லை. சங்கீத சபா என்று பெயர், நடத்துவது தண்ணீர் ஆபீஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு மாதம் விமர்சனத்தை விட்டுவிட்டேன். அதையும் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நானே வெட்கமில்லாமல் மறுபடி எழுதினேன்.

அந்த வருஷம் ஆனி முழுக்க அருவி வறண்டு கிடந்தது. ஆடி பிறந்தும் மலை வெறித்துப் பார்த்தது. வழக்கமாக நான் விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய், பேரருவியைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன். விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சைக்கிள் பஞ்சராகிவிட்டது. சரி, ஊரில் எல்லாரும் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வோம் என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அருவியில் தண்ணீர் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தென்காசிக்காரன் குற்றாலத்துக்குப் போக வேண்டியதில்லை. குற்றாலம் பஸ்ஸில் இறங்குகிறவர்களின் தலையைப் பார்த்தால் போதும். ஈரத்தலை என்றால் தண்ணீர் விழுகிறது. காய்ந்த தலை என்றால் இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்தக் கணிப்பு பொய்த்ததில்லை.

அன்றைக்குக் காற்று குளிர்ச்சியாக இருந்தது. மலை உச்சியில் மேகம் கூடியிருந்தது. பஸ் வந்தது. இறங்கினார்கள் பத்துப் பதினைந்து பேர், அத்தனை பேரும் ஈரத்தலை, தோளில் ஈரத்துண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டமாக ஓடி, முகவரி எழுதித் தயாராக வைத்திருந்த கார்டுகளில் எல்லாம் "தண்ணீர் விழுகிறது. வரலாம்" என்று எழுதித் தபாலாபீசில் சேர்த்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனேன்.

டீக்கடையில் அந்த ஈரத்தலைக்காரர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தண்ணி நல்லா விழுதோ?" என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்கன?"

"அருவியிலதான்."

"அருவியக் கண்டது யாரு? வழியில இலஞ்சியில ஒருத்தர் தவறிட்டாரு. துட்டிக்குப் போயிட்டு, கெணத்துல தலை முழுகிட்டு வாறோம்."

டீயைப் பாதியிலேயே வைத்தேன். தபாலாபீசுக்கு ஓடினேன். பை கட்டி அரக்கு வைத்தாயிற்று, இனி பிரிக்க முடியாது என்றார் போஸ்ட்மாஸ்டர். கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அன்று சாயங்காலத் தபாலிலேயே "தண்ணீர் விழவில்லை, தவறான தகவலுக்கு மன்னிக்கவும்" என்று இரண்டாவது கார்டும் போட்டேன். அது போய்ச் சேருவதற்குள் யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்று காசிவிசுவநாதரை வேண்டிக்கொண்டேன்.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். வக்கீல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "வே, ஒரே ஒரு உறுப்பினர் வந்து எங்கிட்ட நின்னு குறை சொல்லட்டும். அதோட சுற்றறிக்கைய வேற ஆளுகிட்டக் குடுத்திருவேன்" என்றார். சம்பளமில்லாத வேலை, போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்த ஒரு தாள்தான் என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுச் செய்த காரியம். அது கையை விட்டுப் போனால் மீதியிருப்பது ஏ எஸ் டி எஃப் மட்டும்.

விழா நாள் வந்தது. குற்றாலத்தில் பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு முன்னால் தென்காசியிலிருந்து இரண்டு குதிரை வண்டிகள் வந்து பந்தல் வாசலில் நின்றன. வரிசையாக இறங்கினார்கள் ஒன்பது பேர். எல்லார் தலையிலும் எண்ணெய். தலையில் மட்டுமா? நெற்றியில், கழுத்தில், காதோரத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கையில் சீயக்காய்ப் பொட்டலம். அவர்களுக்கு முன்னால் ஆஜானுபாகுவாக ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்தார். அவர் கையில் என் கார்டு.

தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர். வெளியூர் உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. ஓங்கி ஒன்று வைத்தாரானால் சுவரில் ஒட்டிக்கொள்வேன் என்று தோன்றியது. அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய மனைவி முந்திக்கொண்டார்.

"நீருதான் இந்தக் கார்டு எழுதுனவரா? கண்ணால பாத்துத்தான் எழுதுனீரா? அங்கன போயிப் பாத்தா வெறும் பாறை காயுது. எண்ணெயத் தேச்சுக்கிட்டு இத்தன சனமும் எங்கன போயி முழுக? சொல்லும் தம்பி."

"தப்பு என்னோடதுதான் ஆச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

"தப்புன்னு சொன்னா எண்ணெ போயிருமா?"

நியாயமான கேள்வி. இலஞ்சியில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய தென்னந்தோப்பில் பம்பு செட்டு இருந்தது. கையைக் காலைப் பிடித்து அவர்களை வண்டியேற்றி அங்கே கூட்டிப்போனேன். தோப்புக்காரர் நல்ல மனிதர், கேட்டதும் மோட்டாரைப் போட்டுவிட்டார். பெண்களும் பிள்ளைகளும் முதலில் குளிக்கட்டும் என்று நானும் மண்டிக்காரரும் தள்ளி ஒரு தென்னைமர நிழலில் நின்றோம். இப்போது விழப்போகிறது அடி என்று நான் தயாராக நின்றேன்.

அவர் திரும்பி மனைவி இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இன்னைக்கு நாயனம் எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு அண்ணாச்சி."

"நாளைக்குப் பாட்டு, மூணாம் நாள் வீணை, சரிதானா? வீணைக்காரம்மா உடம்பு சரியில்லைன்னு போட்டிருந்தீரு. வருதாகளா?"

சுற்றறிக்கையின் மூலையில் நான் எழுதியிருந்த ஒன்றரை வரிச் செய்தி அது. வருகிறார் என்று தலையை ஆட்டினேன்.

"தண்ணி விழலன்னு எனக்குத் தென்காசி ஸ்டேஷன்லயே தெரியும். வண்டிக்காரன் சொல்லிட்டான்" என்றார் அவர்.

"பின்னே எதுக்கு அண்ணாச்சி எண்ணெய்?"

"தேய்க்க வச்சது நான்தான். வண்டிக்காரன் வீட்டுல உள்ளவுக காதுல போடுறதுக்கு முன்னால, அருவிக்கு நேராப் போயிருவோம், இங்கனயே எண்ணெ தேச்சுக்கிடுங்கன்னுட்டேன். எண்ணெ வச்ச தலையோட எவன் திரும்பி ரயில் ஏறுவான்?" முகத்தில் வழிந்த எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "தம்பி, பாட்டுக் கேக்கப் போறேன்னு மண்டியப் பூட்டுனா எங்க தெருவே சிரிக்கும். வீட்டுலயும் விட மாட்டாக. குளிக்கப் போறேன்னா ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான். ஒம்ம கார்டு வரலைன்னா இந்த வருசம் எனக்கு நாயனம் கெடையாது. ஸ்டேஷன்ல என்ன, ஒம்ம ரெண்டாவது கார்டும் ஊருலயே நேத்து வந்துட்டு. மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டேன்."

அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது ஒரு பக்கம். நான் எழுதியதை ஒரு ஆள் மூலை முடுக்கெல்லாம் விடாமல் படித்திருக்கிறான் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதுதான் பெரிது.

சாயங்காலம் முன்வரிசையில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அருவியும் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை, வந்துதானே ஆகவேண்டும்? நாயனம் ஆரம்பித்ததும் ஆள் மாறிவிட்டார். தொடையில் தாளம் போடக்கூட இல்லை, கண்ணை மூடி அப்படியே இருந்தார். இடைவேளையில் தலைவர் நேராக அவரிடம் வந்தார். ஒன்பது பேர் எண்ணெய் வழிய வந்த கதை அதற்குள் குற்றாலம் முழுக்கப் பரவியிருந்தது.

"எங்க ஆளு தப்பான கார்டு போட்டு ஒங்கள அலைய விட்டுட்டாரு. குறை எதுவும் இருந்தா எங்கிட்டச் சொல்லணும்" என்றார்.

"குறை ஒண்ணு உண்டும்" என்றார் மண்டிக்காரர்.

சுற்றறிக்கை போயிற்று என்று முடிவு கட்டினேன்.

"சித்திரை மாசக் கச்சேரிக்கு நானும் வந்திருந்தேன், தென்காசியில கருப்பட்டி வசூலுக்கு வந்த சாக்குல. அன்னைக்கு நடுவுல பாடுனது சண்முகப்ரியா. இவரு சிம்மேந்திரமத்யமம்னு எழுதியிருக்காரு. அத மட்டும் திருத்தச் சொல்லுங்க. மத்தபடி இவரு எழுதுறத நிறுத்திராதீக."

தலைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "திருத்திருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வக்கீலுக்கு ராகம் எதுவும் தெரியாது. எனக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பது அன்றோடு அம்பலமாயிற்று. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் குட்டுப்பட்டதில்லை. ஆவணிச் சுற்றறிக்கையில் முதல் செய்தியே அந்தத் திருத்தம்தான்.

விழாவின் நான்காம் நாள் விடியலில்தான் அருவியில் தண்ணீர் விழுந்தது. அவருடைய வீட்டுக்காரர்கள் நாள் முழுக்க அதிலேயே கிடந்தார்கள். என்மேல் இருந்த கோபமும் தண்ணீரோடு போய், ஊருக்குக் கிளம்பும்போது ஆச்சி எனக்கு ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி கொடுத்தார்.

அடுத்த வருஷமும் மழை தாமதம். விழா நெருங்கியும் பாறை காய்ந்துதான் கிடந்தது. இந்தத் தடவை சைக்கிளில் போய் என் கண்ணாலேயே பார்த்தேன். மற்ற எல்லா உறுப்பினர்களுக்கும் "தண்ணீர் இன்னும் விழவில்லை" என்று உண்மையை எழுதினேன். தூத்துக்குடி மண்டிக்காரர் முகவரிக்கு மட்டும் ஒரு கார்டில் "தண்ணீர் விழுகிறது. வரலாம்" என்று எழுதி, சேர்ப்பதற்கு முன் இரண்டு தடவை தயங்கி, சேர்த்துவிட்டேன்.

விழா அன்று மத்தியானம் பந்தல் வாசலில் இரண்டு குதிரை வண்டிகள் வந்து நின்றன. ஆச்சி முதலில் இறங்கினார். அருவி அவர் கண் முன்னாலேயே வறண்டு தெரிந்தது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். தலை காய்ந்திருந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"அருவி... ஆச்சி..." என்று இழுத்தேன்.

பின்வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அது கெடக்கட்டும் தம்பி. நாயனத்துக்குப் பக்கத்துல எடம் போட்டு வையும். அவுகளுக்குத் தள்ளி உக்காந்தா சரியாக் கேக்காது."