கடைசிப் பாட்டுக்கு முன் ஒலித்த மணி

என் மகள் எனக்கென்று விட்டுச் சென்ற கடைசி வார்த்தைகளை, ஒரு மேசை மணியை அழுத்தி நானே நிறுத்தினேன்.

இதை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதால் பாரம் குறையுமென்றும் நான் நம்பவில்லை.

நான் கல்லூரியில் தமிழ் போதித்தவன். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவன். என் ஒரே மகள் வத்சலா, தாராவித் தோல் கொட்டகையில் வேலை செய்த மாசானத்தை மணந்தாள். டேப் என்னும் தோற்பறையைத் தட்டி, தன் பாட்டைத் தானே கட்டிப் பாடுகிறவன். அவன் சாதியையும் தொழிலையும் சொல்லி நான் கதவைச் சாத்தினேன். கேட்டவர்களிடம், மகள் நாக்பூரில் கணவனோடு சுகமாக இருப்பதாகச் சொன்னேன். அவளோ என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், தாராவியின் லேபர் கேம்ப் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தாள்!

மஞ்சள் காமாலையில் அவள் கிடந்தபோது ஆள் வந்தது. நான் போகவில்லை. இறந்த பின்னும் போகவில்லை. நாக்பூரில் இருப்பவள் லேபர் கேம்பில் எப்படிச் சாவாள்? என் பொய்க்கு நான் அத்தனை விசுவாசமாக இருந்தேன்...

பம்பாயில் டிராம் நின்றுபோனதற்கு அடுத்த ஆண்டு மாசானத்தின் இசைத்தட்டு வெளிவந்தது. நான்கு பாடல்கள், நான்கும் அவளைப் பற்றியவை. குழாயடியில் அவள் சண்டை போடக் கற்றுக்கொண்டது, அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பித்தது, மஞ்சள் பூத்த அவள் கண்கள்... எதிலும் அவள் பெயர் இல்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அந்தத் தட்டு சுழலாத வீடு அபூர்வம். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குச் செயலாளர் அவனை அழைத்துவிட்டார். மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். நான் தலைமை தாங்கினேன்.

அவன் நான்கையும் பாடினான். அவனைத் தம் வாசற்படி ஏற விடாதவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். நான்? எதுகை பிழைத்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டேப்பைக் கீழே வைத்தான்.

"இன்னொரு பாட்டு இருக்கு. தட்டுல கெடையாது. சாவும்போது அவ அப்பாவுக்குச் சொல்லச் சொன்னது. அவிய காதுல விழணும்னுதான் இங்க வந்தேன்."

என்னை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

எங்கள் சங்கத்தில் தலைவர் மணியடித்தால் எப்பேர்ப்பட்டவரும் அக்கணமே முடித்துக்கொள்ள வேண்டும். நான் மணியை அழுத்தினேன். செயலாளர் என் காதருகே குனிந்து, "நேரம் இருக்கே சார், பாடட்டுமே" என்றார். மீண்டும் அழுத்தினேன்.

மாசானம் அவையை வணங்கிவிட்டு மேடையிறங்கினான். நான் எழுந்து நாட்டுப்பாடலின் எளிமையைப் போற்றி முடிவுரை ஆற்றினேன். கைதட்டினார்கள்!

அதன்பின் எத்தனை நாள் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம்கூட இல்லை. தாராவிக்கு, மாசானத்தின் கொட்டகைக்குப் போனேன். காயும் தோல்களுக்கிடையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் வரவழைத்தான். அந்தப் பாட்டை எனக்கு மட்டும் பாடச் சொல்லிக் கேட்டேன்.

"மேடையில ஒங்க பேரச் சொல்லியிருக்க மாட்டேன் மாமா. அவளுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன்."

அவன் என்னை மாமா என்று அழைத்தது அதுவே முதல் முறை. பாட வேண்டாம், அவள் சொன்னதையாவது சொல் என்று மன்றாடினேன். குரலில் கோபம் சிறிதுமின்றிச் சொன்னான்:

"அதான் மணி அடிச்சாச்சுல்லா, மாமா."

மன்னிப்பா அந்தப் பாட்டு? சாபமா? சாபமென்றாலும் அவள் சொன்னதல்லவா... எனக்கென்று சொன்னதல்லவா!

இப்போதும் லேபர் கேம்புக்குப் போகிறேன். குழாயடிப் பெண்கள் குடம் நிறையும் வரை தட்டில் இல்லாத ஏதோ ஒரு பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருப்பது சந்து முனையிலேயே கேட்கும். சொற்கள் மட்டும் பிடிபடாது. அருகே போவேன். என்னைக் கண்டதும் ஒருத்தி மற்றவளைத் தொடுவாள். பிறகு தண்ணீர் விழும் ஓசை மட்டுமே இருக்கும்.