வெள்ளிக்கிழமைக் கட்டம்

எங்கள் மூன்றாம் வகுப்பில் ஒரு மந்திரிசபை இருந்தது. திங்கட்கிழமை காலை, பெயர் கூப்பிட்டு முடித்ததும் டீச்சர் பழைய மந்திரிகளை இறக்கிவிட்டுப் புதியவர்களை ஏற்றுவார். சுகாதார மந்திரி எல்லோருடைய நகத்தையும் பார்க்க வேண்டும். குடிநீர் மந்திரி பானையருகே நின்று, டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். தோட்ட மந்திரிக்கு நான்கு கத்தரிச் செடிகளும் ஒரு பூசணிக் கொடியும் பொறுப்பு. கடைசியாக வானிலை மந்திரி. தினமும் பத்து மணிக்கு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கும் அட்டையில் அன்றைய கட்டத்துக்குள் படம் போடுவது அவர் வேலை. வெயிலுக்கு மஞ்சள் சூரியன், மூட்டத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பொதி, மழைக்குக் குடை.

மற்றபடி வாரம் ஒரே மாதிரிதான் ஓடும். திங்கள் வாய்ப்பாடு, செவ்வாய் களிமண், புதன் கதை, வியாழன் காகித வேலை, வெள்ளிக்கிழமை பூஜையும் சுண்டலும். எங்களுக்கும் பாலர் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் என் தம்பி கைதட்டிப் பாட்டுப் பாடினால் இந்தப் பக்கம் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு உளறும். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்பது களிமண் உருட்டவும் தூங்கவும் ஏற்பட்ட இடம். எனக்கோ அங்கே எல்லாமே பயம். பெயர் கூப்பிடும்போது குரல் வராமல் போய்விடுமோ, சிலேட்டு உடைந்துவிடுமோ, மந்திரி ஆக்கிவிடுவார்களோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை என்னை வானிலை மந்திரி ஆக்கிவிட்டார்கள்.

மற்ற எந்த இலாகாவானாலும் சமாளித்திருப்பேன். வானிலை இலாகாவில் போன வாரம் ஒரு சம்பவம் நடந்திருந்தது. என் முன்னவன் ஒரு தடியன். நல்ல வெயிலடித்த ஒரு நாள், மஞ்சள் பென்சிலின் முனை உடைந்துவிட்டதென்று சோம்பேறித்தனமாகக் குடையைப் போட்டுவைத்தான். மூன்று மணிக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, தோட்ட மந்திரியின் கத்தரிச் செடிகளைச் சாய்த்துவிட்டது. அவன் போட்டதால்தான் பெய்தது என்று வகுப்பே தீர்மானித்தது. டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அட்டைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று மனசுக்குள் திடமாகப் பதிந்துவிட்டது.

அதனால் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். வானத்தை ஐந்து முறை பார்த்த பிறகே பென்சிலைத் தொட்டேன். திங்கள் மூட்டம், செவ்வாய் மழை, புதன் மூட்டம். வீட்டில் அப்பா என்னை மந்திரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மணி அடிக்கும் நேரத்தில் டீச்சர் என்னை அழைத்தார். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வருகிறார், பத்து மணிக்கு முன்பே வந்தாலும் வரலாம். அவர் காலி இடத்தைக் கண்டால் எரிந்து விழுபவர். ஐந்து கட்டத்தில் ஒன்று வெறுமையாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார் என்று டீச்சருக்கு உதறல். கருத்திருந்த வானத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படியும் நாளைக்கும் பெய்யத்தான் போவுது. இப்பவே குடையைப் போட்டுடும்மா, நல்லா பெருசா போடு" என்றார். பென்சில் வேண்டாமென்று தன்னுடைய மைப் பேனாவையே கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டம் நிறையக் குடை வரைந்து, சுற்றிலும் மழைக் கோடுகளும் போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு நல்ல குடையை நான் வரைந்ததில்லை.

வீட்டுக்குப் போனால், அம்மா பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் பாவு நீட்டப் போகிறார்கள். பாவு என்பது பட்டுப் புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். விடிந்ததும் அவற்றைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இளவெயிலில் உலர்த்தினால்தான் தறியில் ஏற்ற முடியும். உலரும் முன் மழை பிடித்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாவே பாழாகும். மழைக்குப் பயந்து பயந்து அப்பாவின் தறி பத்து நாளாகச் சும்மா கிடந்தது. அம்மா தன் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அன்று சாயங்காலம் மேற்கே கொஞ்சம் வெளுத்ததைப் பார்த்துப் பெரியப்பாதான், இனிமேல் காத்திருக்க முடியாது, நாளைக்கே நீட்டிவிடலாம் என்று நாள் குறித்தார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், பக்கத்து வீடு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் சட்டம். அவருக்கு என் படிப்பின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெண் பிள்ளைக்கு மூன்றாவது போதும், நின்றுவிட்டு வீட்டில் தறிக்கு நூல் சுற்றித் தார் போடட்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

நான் வெள்ளிக்கிழமைக்கு மழை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று இவர்களில் யாரிடம் சொல்வது? சாப்பிடும்போது சோற்றைப் பாதியில் நிறுத்தினேன். மழை வந்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டேன்.

"வெளக்கு வச்ச நேரத்துல வாயக் கழுவுடி" என்று அம்மா அதட்டினாள்.

"வராதும்மா. மந்திரியம்மா நீ இருக்கசொல்ல எப்படி வரும்?" என்றார் அப்பா. விளையாட்டாகத்தான் சொன்னார். என் காதில் அது பொறுப்பாகத்தான் விழுந்தது.

மையை அழிக்க முடியாது. மேலே சூரியனை ஒட்டலாம். காலண்டரில் கிழித்துப்போட்ட தாள் ஒன்றை வட்டமாகக் கத்தரித்தேன். மஞ்சள் பென்சில் டீச்சரின் மேஜைக்குள் இருந்ததால், அம்மியில் மஞ்சளைக் குழைத்துத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் பூசினேன். ஒட்டுவதற்குத் தட்டில் மிச்சம் வைத்த சோற்றில் ஒரு பிடியை இலையில் மடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் அடுத்த தெருவின் கோடியில்தான். காலையில் முதல் ஆளாகப் போய் ஒட்டிவிட்டால் மழைக்கு முன்னால் முந்திக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஆனால் காலையில் எனக்கு வேறு வேலை காத்திருந்தது. வெளிச்சம் வருவதற்குள் தெருவே கூடிவிட்டது. பாவைத் தாங்கக் கவைக்கால்கள் நட்டு, அரக்கு நிறப் பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டினார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கமாகக் கஞ்சி தெளித்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துச் சந்து முனையில் நிறுத்தினார். கஞ்சி வாசனைக்கு மாடுகள் வரும், ஒன்றையும் உள்ளே விடக்கூடாது. "எடத்த வுட்டு அசைஞ்சேன்னா பாரு" என்றார்.

நின்றேன். இடுப்பில் சோற்றுப் பொட்டலமும் மஞ்சள் சூரியனும் இருந்தன. கோபுரத்துக்குப் பின்னால் ஒரு கருமேகம் நகர்ந்து வந்தது. மாடு ஒன்றையும் காணோம். மேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது என் முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

அது காற்றில் வந்த கஞ்சித் துளியாகவும் இருந்திருக்கலாம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓட்டமெடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறாரென்று பாலர் வகுப்பு ஆயாம்மா விடியற்காலையிலேயே வந்து பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் துடைப்பத்தோடு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, கோழி கூவசொல்லவே வந்துட்ட?"

"படத்துல ஒரு தப்பு ஆயிடுச்சி ஆயாம்மா" என்றேன். அழுகிற குரலைக் கேட்டு மேலே எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பெஞ்சு மேல் ஏறி, குடையின் முகத்தில் சோற்றை அப்பி, சூரியனை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். ஓரத்தில் நாலைந்து பருக்கைகள் பிதுங்கிக்கொண்டு நின்றன. கைப்பிடி கொஞ்சம் வெளியே தெரிந்தது. சூரியனுக்கு ஒரு கால் முளைத்த மாதிரி இருந்தாலும் சூரியன் சூரியன்தான்.

வெளியே வந்தால் மேகம் விலகி நிஜமாகவே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாவைக் காப்பாற்றிவிட்டேன். குதித்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பினேன்.

சந்து முனையில் கூட்டமாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் ஒரு பசுவும் கன்றும் நுழைந்திருக்கின்றன. பசு நின்று நிதானமாகக் கஞ்சியை நக்கியிருக்கிறது. யாரோ கூச்சல் போட, கன்று மிரண்டு பாவுக்கு நடுவே பாய்ந்திருக்கிறது. ஒரு கவைக்கால் சாய்ந்து கிடந்தது. பாவின் ஒரு ஓரம் முழுக்க அறுந்து, இழைகள் மண்ணில் கிடந்தன. என் குச்சி மட்டும் சாய்த்த இடத்தில் அப்படியே இருந்தது.

"எங்கடி போயிருந்த?" பெரியப்பாவின் குரலுக்குத் தெருவே அடங்கிற்று. "கேக்கறேன் இல்ல, எங்க போன?"

அப்பா கஞ்சிக் கையோடு வந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரலெல்லாம் மஞ்சள், நடுவே காய்ந்த சோற்றுப் பருக்கை. அதைப் பார்த்தார். பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

"நான்தாண்ணா அனுப்பினேன். டீக்கடையில நெருப்புப்பெட்டி வாங்கியாரச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமாண்ணா. கட தொறக்கல போலக்குது."

பெரியப்பா என்னை மறந்து அப்பாவின் பக்கம் திரும்பினார். "புத்தி இருக்குதாடா உனக்கு? பாவு நீட்டசொல்ல காவலுக்கு நிக்கற புள்ளய கடைக்கு அனுப்பறவன் ஒரு தறிகாரனாடா?" அதற்கு மேல் அவர் சொன்னதையெல்லாம் எழுத வேண்டாம். அப்பாவோடு தறி பழகியவர்கள், அவரை அண்ணா என்று கூப்பிடும் சின்னப் பையன்கள், எதிர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்தபடி அறுந்த இழைகளை மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஓய்ந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "கையக் கழுவிக்கினு பள்ளிக்கூடம் கெளம்பு, நேரமாவுது" என்றார்.

இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்தார். நேரே அட்டைக்குத்தான் போனார். சூரியனைச் சுற்றிச் சோற்றுக்கு எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. குடை இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கண்ட டீச்சரின் முகம் வெளிறிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயிலைப் பார்த்தார், வெரி குட் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு எனக்கு இரண்டு பங்கு சுண்டல் கிடைத்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். அது முடிய மூன்று நாள் ஆயிற்று. பெரியப்பா அந்த மூன்று நாளும் அவரோடு பேசவில்லை. அப்பா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மழை மட்டும் வந்திருந்தால் இதைவிட மோசமாக ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா என்னை எந்தக் கடைக்கும் அனுப்பவில்லை. நெருப்புப்பெட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எப்படி யோசித்தும் ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகமே இருக்கறதில்லடா. நாமதான் பாத்துக்கணும்."