வாயைத் திறக்கக் கூடாத வேலை

லோர்னா விஸ்னெவ்ஸ்கியின் வேலை, முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது. புதுச் செயலியை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். திணறினாலும் உதவக் கூடாது. ஓயாமல் பேசும் அவளுடைய வாய்க்கு இப்படியொரு பிழைப்பா என்று அலுவலகத்தில் நாங்கள் கேலி செய்வோம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், காசு போட்டு அவரவரே துணி துவைத்துக்கொள்ளும் சலவைக் கடைகள்தான் அவளுக்குத் தோது. துணி காயும்வரை யாரும் எழுந்து ஓட முடியாதே.

அந்த வெள்ளிக்கிழமை என்னோடு எங்கள் மேலாளர் க்ரெய்க்கையும் இழுத்து வந்திருந்தாள். டயாலிசிஸுக்குப் போகும் நோயாளிகள் வண்டிக்குப் பதிவு செய்கிற செயலி அது. திங்கட்கிழமை வெளியாகிறது, அன்றே பழைய தொலைபேசி எண்ணை மூடிவிடுவார்கள். பலருக்கு வண்டி வராமல் போகும் என்று லோர்னா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அந்த மனிதன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"உள்ள வந்து நீ வாயே திறக்கக் கூடாது" என்றாள் காரிலேயே.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

துணி உலர்த்தும் ட்ரையர் பக்கத்தில் காத்திருந்த வர்ஜில் என்ற பெரியவர், லோர்னா கொடுத்த ஒரு துண்டு கிரிங்கில் கேக்குக்காகச் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கச் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வண்டி பதிவு செய்யச் சொல்லி லோர்னா போனை நீட்டினாள்.

வர்ஜில் தேதியைத் தொட்டார். முகவரியைத் தட்டினார். பச்சை டிக் வந்தது. உறுதி செய்யும் பட்டன் அதற்கும் கீழே. திரையைத் தள்ளினால்தான் தெரியும். அவர் தள்ளவில்லை.

"அவ்வளவுதானேம்மா? சுலபமாத்தான் இருக்கு!"

லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். க்ரெய்க்கின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"என் தங்கச்சி ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் போறா. இனி இதுலயே போட்டுக்கச் சொல்றேன்" என்றார் வர்ஜில், கேக்கைக் கடித்தபடி.

க்ரெய்க்கால் தாங்க முடியவில்லை. "சார், இன்னும் பதிவாகல. கீழ ஒரு பட்டன் இருக்கு."

வர்ஜிலின் முகம் மாறியது. "அப்போ வண்டி வராதா? இந்தக் குளிர்ல அவ வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பாளே! கீழ இருக்குன்னு சொல்ல நீ அங்க வருவியா, தம்பி?"

க்ரெய்க் எழுந்து அலுவலகத்தைக் கூப்பிட்டான். "திங்கட்கிழமை அந்த நம்பரை மூடாதீங்க. ஆமா, நான்தான் சொல்றேன்."

வர்ஜிலுக்கு இன்னும் ஆறவில்லை. "இப்ப தங்கச்சிகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"பழையபடி போனே பண்ணச் சொல்லுங்க, சார்" என்றான் க்ரெய்க்.