குவைஃபாத் வரிசையில் ஒரு வார்த்தையின் விலை

செவ்வாய்க்கிழமை அதிகாலை பாங்கு ஒலித்தபோது ஷார்ஜாவிலிருந்து டிரெய்லரை எடுத்தேன். குவைத்துக்குப் போக வேண்டிய இரும்புக் குழாய்கள் பின்னால் கட்டியிருந்தன. 2007 அக்டோபர். ரமலான் மாதத்தின் கடைசி வாரம் அது. பெருநாள் விடுமுறைக்கு முன் எல்லையைக் கடந்துவிட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அபுதாபிக்கு முன்னால் மஃப்ரக்கில் திரும்பினால் சவூதி எல்லையான குவைஃபாத் வரை முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். தாரிஃப், ருவைஸ், சிலா. வலது பக்கம் அவ்வப்போது கடல் தெரியும். இடது பக்கம் உப்புத்தரை, மணல், மின்கம்பம், மறுபடியும் மணல். நோன்பு மாதமானதால் பகலில் ஓட்டல் கிடையாது. ருவைஸில் ஒரு மலையாளி பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்சல் கொடுத்தார். பரோட்டாவும் பருப்பும் நாலு திர்ஹம். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டேன்.

சிலாவைத் தாண்டியதும் வரிசை தொடங்கியது. எல்லை வரைக்கும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. நான் இந்த வரிசைக்குப் பழகியவன். ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். இடத்தை விட்டவன் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு முன்னால் நின்றது அலெப்போ நம்பர் போட்ட லாரி. ஓட்டுகிறவர் சர்கிஸ். அதற்கு முன்னால் துருக்கி லாரி. அதை ஓட்டுகிறவர் மெஹ்மத். துபாயில் சரக்கை இறக்கிவிட்டு இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அஞ்சாறு வருடமாக இதே ரோட்டில் இவர்களைப் பார்க்கிறேன். இருவரும் தங்களுக்குள் துருக்கி மொழியிலும், நான் கூட இருந்தால் அரபிலும் பேசிக்கொள்வார்கள். அதனால் இருவருமே துருக்கியர் என்று நினைத்திருந்தேன். சர்கிஸ்தான் ஒருநாள் சொன்னார், தான் சிரியாவில் பிறந்த ஆர்மீனியன் என்று. அவர் அப்பாவின் அப்பாவுக்கு ஊர் மராஷ். மெஹ்மத்தின் ஊர் ஆன்தெப். இரண்டும் துருக்கியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களாம். ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். மற்றவரின் தாத்தா அங்கிருந்து அலெப்போ வரை நடந்தே வந்தவர். ஏன் நடந்தார் என்று நான் கேட்டதில்லை. யாரிடமும் எதையும் துருவிக் கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

புதன்கிழமை சர்கிஸின் லாரியில் ஏர் கம்ப்ரசர் கெட்டுப்போனது. எஞ்சின் ஓடும், ஆனால் டாங்கியில் காற்று ஏறாது. காற்று இல்லாவிட்டால் பெரிய வண்டியின் பிரேக் தானே இறுகிக்கொள்ளும், சக்கரம் அசையாது. இப்படி நிற்கிற வண்டிக்கு அடுத்த வண்டிக்காரன் தன் வண்டியிலிருந்து குழாய் போட்டுக் காற்று கொடுக்க வேண்டும். டாங்கி நிறைந்ததும் பிரேக் விடும். வரிசை நகர்கிற தூரம் போகலாம். மறுபடி காற்று. ஏர் கொடுப்பது என்று இதைச் சொல்வோம். எந்த நாட்டுக்காரன் கேட்டாலும் மறுக்கிற வழக்கம் ரோட்டில் இல்லை.

மெஹ்மத்திடம் நீளமான குழாய் இருந்தது. நாள் முழுக்க நோன்போடு வெயிலில் இறங்கி இறங்கி மாட்டினார்.

"உன் வண்டி என் மாமியார் மாதிரி சர்கிஸ். சத்தம் ஊரைக் கூட்டும். ஒரு அடி நகராது."

"உன் மாமியாருக்கும் நீதான் ஏர் கொடுக்குறியா?"

நான் சிரித்துவிட்டேன். மெஹ்மத் குழாயை என் பக்கம் திருப்பி என் முகத்தில் காற்றை அடித்தார்.

மெஹ்மத் நோன்பு வைத்திருப்பதால் சர்கிஸ் பகலில் அவர் எதிரில் சிகரெட் பற்றவைக்க மாட்டார். மாலையில் மெஹ்மத் தன் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறப்பார். அதன் கதவு கீழே சாய்ந்து மேசையாகிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு கெண்டி, நடுவில் இடுப்பு குறுகிய சின்னக் கண்ணாடி டம்ளர்கள் மூன்று. "யா சர்கிஸ், பாங்கு சொல்லியாச்சு. பாவி, இனி நீயும் புகைக்கலாம்!" என்று கூப்பிடுவார். புதன்கிழமை மாலையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை எல்லாம் மாறிப்போயிருந்தது. துருக்கி லாரிகளில் ரேடியோ உரக்கப் பாடியது. பாட்டு அல்ல, செய்தி. டிரைவர்கள் கூடி நின்று கையை ஆட்டிப் பேசினார்கள். மெஹ்மத் வந்தார். சர்கிஸின் வண்டியில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அரபு பேசுவேன், படிக்கத் தெரியாது. ரோட்டோரத்தில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தண்ணீர் வாங்கும் சாக்கில் போனேன். பெரிய பாட்டில் ஒன்றரை திர்ஹம். அவர் அரபிப் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்.

"என்ன காக்கா, துருக்கிக்காரங்க விடிஞ்சதும் விடியாததுமா சூடா இருக்காங்க?"

"அமெரிக்காக்காரன் வச்ச சூடு தம்பி. தொண்ணூறு வருசத்துக்கு முந்தி துருக்கி ராஜாங்கத்துல ஆர்மீனிய சனத்த அழிச்சாங்கல்ல, அது இனப்படுகொலைதான்னு அமெரிக்கா பார்லிமெண்டு கமிட்டியில ஓட்டுப் போட்டுட்டாங்க. இனி முழு சபையும் ஓட்டுப் போடணும்."

"அது நடந்ததுதானே காக்கா?"

"அத்தன பேரு செத்தது ஊருக்கே தெரியும். ஆனா இனப்படுகொலைங்கற வார்த்தையச் சொல்லக் கூடாதுங்குறான் துருக்கி. துருக்கியும் அமெரிக்காவும் கூட்டாளி. சொன்னா எங்க தூதர ஊருக்குக் கூப்பிட்டுக்குவோம், ஈராக்குக்கு எங்க வழியாப் போற உங்க சரக்கு என்னாகும்னு பாத்துக்கங்கன்னு மிரட்டுறான்."

"அமெரிக்கா என்ன சொல்லுது?"

"ஓட்டுப் போட்டது அவங்க ஆளு. போடாதீங்கன்னு கெஞ்சுறது அவங்க பிரசிடெண்டு. ஈராக்குல சண்ட நடக்குதுல்ல, ரோடு வேணும். எல்லாம் உங்க லாரி பண்ற வேல!"

காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக லாரி ஓட்டுகிறேன். சிமெண்டு ஏற்றியிருக்கிறேன், மாட்டுத்தீவனம் ஏற்றியிருக்கிறேன். தராசின் ஒரு தட்டில் செத்துப்போன சனங்களையும் மறு தட்டில் லாரி போகிற ரோட்டையும் வைத்து நிறுப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 

திரும்பி வந்தபோது சர்கிஸின் வண்டிக் கதவருகே மெஹ்மத்தும் வேறு இரண்டு துருக்கி டிரைவர்களும் நின்றார்கள். மாலையோடு எல்லையில் வேலை நின்றுவிடும், பெருநாள் முடிந்துதான் மறுபடி என்று வரிசையெங்கும் பேச்சாக இருந்தது. சர்கிஸின் சவூதி டிரான்சிட் விசா அதுவரை தாங்காது. விசா முடிந்தால் துபாய்க்குத் திரும்பிப் புதிதாக எடுக்க வேண்டும். இன்னொரு முறை தாமதமானால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அலெப்போ முதலாளி முன்பே எச்சரித்திருந்தார். இதெல்லாம் மெஹ்மத்துக்கும் தெரியும்.

மெஹ்மத் என்னைப் பார்த்ததும் அரபுக்கு மாறினார்.

"முர்கு, நீயே சாட்சி. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அமெரிக்காக்காரன் சொல்றது பொய், அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சர்கிஸ இவங்க முன்னாடி சொல்லச் சொல்லு. ஒரே வார்த்தை. உடனே குழாய மாட்டிடறேன்."

முருகேசன் என்ற என் பேர் அவர்கள் வாயில் முர்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்கிஸ் இறங்கி வந்தார். "இத்தன வருசமா உன் டீயக் குடிக்கிறேன். ஒரு நாளாவது உன்கிட்ட அதப் பத்திப் பேசியிருக்கேனா மெஹ்மத்?"

"இல்ல."

"பேசாம இருந்தது உனக்கு நான் கொடுத்த மரியாதை. நடக்கலன்னு சொல்ல மாட்டேன். மாஃபி, கிடையாது. நீ ஏர் கொடுக்காட்டி வண்டி இங்கேயே நிக்கட்டும்."

முன்னால் வரிசை நகர்ந்தது. மெஹ்மத் தன் வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போய் நின்றார். சர்கிஸுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின.

நான் சண்டை போட்டுப் பழக்கம் இல்லாதவன். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் குழாயை எடுத்தேன். எட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெஷாவர்க்காரரிடம் கேட்டேன். "லேலோ பாய்" என்று தன் குழாயைத் தூக்கிப் போட்டார். இரண்டையும் சேர்த்துக் கம்பி கட்டி சர்கிஸின் டாங்கியில் மாட்டினேன்.

துருக்கி டிரைவர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்தார். இந்தியன் யாரானாலும் அவர்களுக்கு ஹிந்திதான். "ஹிந்தி, இதுல உனக்கென்ன வேலை?"

"ரோட்டுல ஏர் கேட்டா கொடுக்கணும்" என்றேன்.  என் வண்டியின் காற்றைத் திறந்துவிட்டேன். அவர் தோளை விட்டுவிட்டார்.

காற்று ஏறும்வரை அந்தச் சீற்றத்தைக் கேட்டபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்கு ஏற்றிப்போன லாரியில் நான் கிளீனர். ஈரச்சேலையோடு ஒரு அம்மா, தன் வீட்டை எரித்தவர்கள் யார் யார் என்று பேர் பேராக வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை. அந்த அம்மாவிடம் போய், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல், முகாமில் இடம் தருகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால்?

வரிசை நகர நகர இப்படியே ஏர் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் எல்லையைக் கடந்துவிட்டோம். அந்தப் பக்கம் சவூதியின் பத்ஹா. லாரிகள் நிற்கிற திடலில் பாங்கு கேட்டது. மெஹ்மத் பெட்டியைத் திறந்து கெண்டியை வைத்தார். என்னை மட்டும் சைகை காட்டிக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு டம்ளர்தான் இருந்தது.

"முர்கு, எங்க ஊர்ல அந்த வார்த்தையச் சொன்னவங்க மேல கேஸ் போடுறாங்க. கூட வர்றவங்க போய் ஏதாச்சும் சொன்னா என் வேல போயிடும். பள்ளிக்கூடத்துல எங்களுக்கு வேற மாதிரிதான் சொல்லிக்கொடுத்தாங்க."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. கோபம் தணியவில்லை. டம்ளரை நீட்டினார்.

"சர்கிஸுக்கு?" என்றேன்.

அவர் தன் டம்ளரில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். நான் டம்ளரை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் நின்று நின்று சர்கிஸுக்கு ஏர் கொடுத்தபடி ஹுஃபூஃப் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பாகிஸ்தானி மெக்கானிக் சர்கிஸுக்குக் கம்ப்ரசர் மாற்றிக் கொடுத்தார். அங்கிருந்து அவர் ரியாத் ரோட்டில் போக வேண்டும், நான் வடக்கே கஃப்ஜி வழியாகக் குவைத்துக்கு. பிரிகிறபோது, "குவைத்ல டிவி பாப்பே இல்ல? சபையில ஓட்டு என்னாச்சுன்னு எனக்கு ஃபோன் பண்ணு" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

குவைத்தில் சரக்கை இறக்கிவிட்டு, திரும்பிப்போக லோடு கிடைக்கும்வரை மங்காஃபில் என் மச்சான் அறையில் தங்கினேன். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தமிழர்கள். மச்சானும் டிரைவர்தான். எல்லோரும் இதையே பேசினார்கள்.

"துருக்கி ரோடு அடைச்சா ஈராக்குக்குப் போற அம்புட்டு லோடும் குவைத் வழியாத்தான் மாப்ள. நமக்கு ஓவர்டைம்" என்றார் மச்சான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய பெரிய மாளிகைகளில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில் செய்தி வந்தது. தீர்மானத்துக்கு ஆதரவுக் கையெழுத்துப் போட்ட அமெரிக்க சபை உறுப்பினர்களே ஒவ்வொருவராக விலகினார்களாம். ஓட்டெடுப்பு இப்போது வேண்டாம், நேரம் சரியில்லை என்று தள்ளி வைத்துவிட்டார்கள். கீழே கடையில் ஃபோன் கார்டு வாங்கி அலெப்போவுக்குப் போட்டேன்.

"கலாஸா? முடிஞ்சுதா?" என்றார் சர்கிஸ்.

"தள்ளி வச்சிருக்காங்க. நேரம் சரியில்லையாம்."

 "வண்டி என் கையிலதான் இருக்கு முர்கு. அடுத்த லோடுக்கு வர்றேன், வரிசையில பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஷார்ஜாவுக்கு லோடு கிடைத்தது. நுவைசீப் எல்லையில் நிற்கும்போது காற்று மானியைப் பார்த்தேன். முள் நிறைந்து நின்றது. உலகத்து ரோடும் விமானமும் கப்பலும் பட்டாளமும் கையில் வைத்திருப்பவர்கள், ஒரு ரோட்டுக்காக வாயை மூடிக்கொண்டார்கள். பிரேக் இறுகி, விசா முடியப்போகிற நேரத்தில், பின்னால் ஹாரன் கத்த நின்ற ஒரு மனிதரிடமும் அதே விலைதான் கேட்கப்பட்டது. அவர் கொடுக்கவில்லை.