ஊசிக்காரனை விரட்ட மாட்டேன்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கொல்லிமலையில் எய்ட்ஸ் தடுப்பு வேலைக்குச் சேர்ந்தபோது, போதை ஊசி போடுகிற ஒருவர்கூட என் பேச்சைக் கேட்க வரவில்லை. ஆனால் செல்வராசு கூப்பிட்டால் அத்தனை பேரும் வந்தார்கள். ஒரே ஊசியால் எல்லோருக்கும் போட்டுவிடுபவன் அவன்தான்.

அவனையே எங்கள் வேலைக்குச் சேர்த்தேன். வளப்பூர் பஸ் நிறுத்தத்தில் அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். “ஊரே அவன மலைய உட்டு முடுக்கோணும்ங்குது. நீ கூட்டிட்டுத் திரியறே! இதுக்காடா படிக்க வெச்சேன்?”

“இதுக்குத்தாங்கப்பா” என்றேன்.

அன்று மாலை மிளகுத் தோட்டத்தில் செல்வராசுவின் நண்பன் ஒருவன் அவனிடம் ஊசி போடச் சொல்லிக் கையை நீட்டினான். செல்வராசு, நான் கொடுத்திருந்த பிரிக்காத புது ஊசியை எடுத்தான்.

“இது உனக்கு மட்டும். இனி ஒருத்தன் ஊசிய இன்னொருத்தன் தொடக்கூடாது.”

“என்னடா, டாக்டராயிட்டியா?”

“டாக்டர் சொன்னா நீ கேப்பியா? நாஞ் சொல்றேன், கேளு. உன்னப் பொணமாப் பாக்க என்னால ஆவாது.”

கை நீட்டியவன் அந்த ஊசியை வாங்கிக்கொண்டான். சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களும் ஆளுக்கொன்று கேட்டார்கள்.

ஊர் அவனை விரட்டியிருந்தால், அந்த நண்பர்களிடம் போக எங்களுக்கு வழியே இருந்திருக்காது. இன்றும் அவனைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், என்னோடு வேலை செய்பவன் என்று உரக்கவே சொல்கிறேன்.